100 இலிருந்து 106: பிக்கப்புக்கு லோடு டயரும் புது டிஸ்க்கும் போட்ட அனுபவம்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. எங்கள் ரப்பர் ஷீட்டோடு அக்கம்பக்கத்தாரின் ஷீட், நேந்திரன் குலை, அன்னாசி என்று கிடைக்கிற லோடை ஏற்றி மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஓட்டுவதற்காகத் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். ஒன்றேகால் டன் ஏற்றலாம் என்று ஆர்.சி.யில் இருக்கிற வண்டி. இஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் ஒரு குறையும் இல்லை. பின் டயர்தான் தொல்லை கொடுத்தது.

திருவட்டாறு, ஆற்றூர் வழியாக மார்த்தாண்டம் வந்து லோடு இறக்கும்போது பின் டயரின் தோளில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். காற்று சரியாக இருந்தாலும் சூடு குறையவில்லை. அப்புறம் இடது பக்க டயரின் பக்கச் சுவரில் ஒரு வீக்கம் வந்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேல்கட்டை, நன்றாக இருக்கிற டயர் ஏன் வீங்க வேண்டும் என்று மார்த்தாண்டத்தில் வழக்கமாகப் போகும் டயர் கடையில் காட்டினேன். கடை அண்ணாச்சி குனிந்து எழுத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா, இது ஜீப்புக்க டயருல்லா? டெம்போவுக்கு இத ஆரு போட்டது?" என்றார்.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் போட்டது. அளவில் எந்தத் தப்பும் இல்லை. 215/75 ஆர் 15 என்றுதான் இருந்தது, வண்டிக்கும் அதே அளவுதான். பொலேரோ ஜீப்பிலும் இந்த அளவு ஓடுவதால் இது எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. விஷயம் அளவுக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும் இன்னொரு எண்ணில் இருக்கிறது. எங்கள் டயரில் அது 100 எஸ். அந்த 100 என்பது லோடு இண்டெக்ஸ். ஒரு டயர் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு அது. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000 கிலோ. எஸ் என்பது வேகத்துக்கான எழுத்து, மணிக்கு 180 கிலோமீட்டர். நம் ஊர்ச் சாலையில் அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எடைதான் முக்கியம்.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. முதலில் பின் அச்சில் எவ்வளவு எடை உட்காருகிறது என்று பார்த்துவிட்டு வா, அப்புறம் டயரைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார். லோடு வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். லோடு ஏற்றிய வண்டியை எடை மேடையில் முழுசாக நிறுத்தி ஒரு எடை எடுக்க வேண்டும். பிறகு முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டும் வரை நகர்த்தி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு எடை எடுக்க வேண்டும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஆர்.சி.யில் சொன்ன அளவுக்கு ஷீட் ஏற்றி நிறுத்தியபோது மொத்த எடை 2,920 கிலோ, பின் அச்சில் மட்டும் 1,780. ஒரு டயருக்கு 890 கிலோ. 800 தாங்கும் டயர் இத்தனை நாள் 890 சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதுவும் சமமான தரையில் நிற்கும்போது வரும் கணக்கு. வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஒரு பக்கத்து டயருக்கு இதைவிட எவ்வளவோ கூடுதலாகப் போகும்.

சூடு ஏன் வந்தது என்பதற்கு விடை அந்த எடைச் சீட்டில் இருந்தது. எடை மிஞ்சும்போது டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் உள்ள பிடிப்பு விடும். காற்று குறைவாக இருந்தாலும் இதே கதைதான். வெளியே பட்டன் புதுசு போலத் தெரியும், உள்ளே பிரிந்துபோயிருக்கும்.

சரி, எதைப் போடுவது? சொந்தக்காரர் ஒருவர் தன் வண்டிக்கு 7.00 ஆர் 15 போட்டிருக்கிறார். கொஞ்சம் பெரிய பிக்கப்புகளில் வரும் டயர் அது. தம்பிக்கு அதன் மேல்தான் கண். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும், எடையும் தாராளமாகத் தாங்கும். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன், ஆனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது வேண்டாம் என்று பட்டது. 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 161. மேலும் கீழும் சேர்த்து 322, நடுவில் டயர் மாட்டுகிற சக்கரமான டிஸ்க் 15 அங்குலம், அதாவது 381. மொத்த உயரம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 7.00 ஆர் 15 இதைவிட ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் உயரம் கூடியது. நாலு சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆனால் சக்கரம் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் இழுவை அதே அளவு குறையும். கீரிப்பாறையிலிருந்து பாலமோருக்கு லோடோடு முதல் கியரில் ஏறியவர்களுக்கு ஐந்து சதவீத இழுவை என்றால் என்னவென்று தெரியும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன் டயர் உள்ளே உரசுமா என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சமாளித்தாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டியைப் பதிவு செய்யும் படிவத்திலேயே முன் அச்சு, பின் அச்சு டயர்களின் அளவு கேட்கப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி, அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எங்கள் வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.வுக்குப் போய் நிற்க வேண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாதிரி ஓட்டையைத்தான். தம்பியிடம் இவ்வளவையும் சொன்னபோது முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டான்.

ஆக, அளவை மாற்றாமல் வலுவை மட்டும் கூட்டுவது என்று முடிவு. இதே 215/75 ஆர் 15 அளவில் எல்.டி. (லைட் டிரக்) என்ற எழுத்தோடு எட்டு பிளை டயர் வருகிறது. அதில் லோடு இண்டெக்ஸ் 106/103. இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது லாரியில் போல ஜோடிச் சக்கரம் போடும்போது. பிக்கப்பின் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுதான் என்பதால் நமக்கு 106. இரண்டு டயருக்கும் சேர்த்து 1,900 கிலோ. எங்கள் 1,780-க்கு இது போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எட்டு பிளை என்பதால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பருத்தி நூல் காலத்தில் அடுக்கை எண்ணினார்கள், இப்போது அது வலுவின் அளவுக்கு ஒரு பெயர் மட்டும்தான். அதனால் கடையில் பிளையை மட்டும் கேட்டுவிட்டு வராமல் லோடு இண்டெக்ஸைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பட்டனில் தடித்த கட்டை வைத்த லக் மாடலும் இருந்தது, நீளவாட்டில் கோடு போன ரிப் மாடலும் இருந்தது. கல் குவாரியில் ஓடுகிற வண்டிக்கு லக் சரி. எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் தார் ரோடு நனைந்தே கிடக்கும். நாங்கள் ரிப் எடுத்தோம். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருஷம். 2325 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரம் செய்தது. அண்ணாச்சியே அதைக் காட்டி, பழைய ஸ்டாக் இல்லை என்று உறுதி சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஜீப் டயரைவிடக் கூடுதலாக ஆன காசில் ஒரு பகுதி அதிலேயே கழிந்துவிட்டது.

அடுத்தது டிஸ்க். டயரைக் கழற்றிய பிறகுதான் அதன் நிலைமை தெரிந்தது. முந்தையவர் முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீன் ஓட்டியவர். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் வடிந்து, டயர் உட்காருகிற விளிம்பெல்லாம் துரு செதிலாக எழும்பியிருந்தது. டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்குவதற்கு அதுதான் காரணம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது ஒரு டிஸ்க்கில் போல்ட் துளைகளுக்கு நடுவே முடி போல ஒரு வெடிப்பு. வெல்டிங் வைத்துவிடலாம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அண்ணாச்சி கையை நீட்டி மறித்துவிட்டார். லோடு வண்டியின் டிஸ்க்கில் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுகிற காரியம். எங்கள் பழைய டயருக்கு 35 பி.எஸ்.ஐ. காற்றே போதும், புது டயருக்கு முழு லோடில் 65 வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது டயர் மட்டுமில்லை, டிஸ்க்கும்தான்.

தம்பி அலாய் வீல் பக்கம் சாய்ந்தான். ஸ்டீல் டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் வளையும், அடித்து நிமிர்த்தலாம். அலாய் என்றால் வெடிக்கும். வெளியே பிதுங்கி நிற்கும் டிஸ்க்கும் வேண்டாம் என்றேன். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் எடையின் நெம்புதல் முழுவதும் வீல் பேரிங்குக்குத்தான் போகும். போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ நிற்கும் என்ற அளவு), நட்டு உட்காரும் குழியின் வடிவம் என்று நாலும் பழையதோடு பொருந்துகிற ஸ்டீல் டிஸ்க்காக, ஸ்டெப்னிக்கும் சேர்த்து, நாகர்கோவிலில் ஒரு உதிரிபாகக் கடையில் சொல்லி வரவழைத்தோம். ஸ்டெப்னி மட்டும் பழையது கிடக்கட்டும் என்று விடுவது சரியில்லை. பஞ்சர் ஆவது பெரும்பாலும் லோடோடு இருக்கும்போதுதான்.

மாட்டும்போது கவனித்த சிலதைச் சொல்கிறேன். ரப்பர் வால்வு பொதுவாக 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். ஓடிச் சூடாகும்போது காற்றழுத்தம் இன்னும் ஏறும் என்பதால் நட்டு போட்டு இறுக்குகிற உலோக வால்வு வைத்தோம். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைத் துரு போகத் தேய்த்துவிட்டுத்தான் மாட்டினார்கள், இடையில் துருத் தூள் இருந்தால் அது நசுங்கி நட்டு லூசாகும். வீல் நட்டை நேருக்கு நேர் மாற்றி மாற்றி இறுக்கினார்கள். கடைசி இறுக்கம் காற்றுத் துப்பாக்கியில் இல்லை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில். கடைப் பையன் நட்டு மரைக்குக் கிரீஸ் எடுத்தபோது, "வேண்டாம் மக்கா, அது இறுக்கத்தக் கூட்டி போல்ட்ட இழுத்துரும்" என்று அண்ணாச்சி தடுத்தார். பேலன்சிங், அலைன்மெண்ட் முடிந்து கிளம்பும்போது, நூறு கிலோமீட்டருக்குள் வந்து நட்டை மறுபடி பார்த்துக்கொள் என்றார். அப்படியே போனேன், இரண்டு நட்டுகள் கால் சுற்றுக்கு மேல் ஏறின.

கணக்குப் போட்டுக் கொடுக்கும்போது அண்ணாச்சி ஒரு விஷயம் சொன்னார். கார் டயரைவிட லாரி, பிக்கப் டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். மடங்கி நிமிரும்போது குறைவாகச் சூடாவதும், கிழியாமல் தாங்குவதும் அதன் குணம். எங்கள் பக்கம் பெரும்பாலும் அடிக்கிற ஆர்.எஸ்.எஸ். 4, அதாவது புகை போட்டு உலர்த்திய நாலாம் தர ஷீட், டயர் கம்பெனிகளுக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு டயரின் சூட்டை இத்தனை காலம் அறியாமல் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தபோது மனசு கனத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓட்டத்தில் வித்தியாசம் தெரிகிறது. புது டயரின் மேல் பூச்சு போகும் வரை மழையில் பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். லோடோடு வளைவில் வண்டி இப்போது சாய்ந்து மிதப்பதில்லை. மார்த்தாண்டம் வந்து கை வைத்துப் பார்த்தால் டயர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது. காலி வண்டியில் பின்பக்கம் துள்ளுவது கூடியிருக்கிறது. காலியாகவே அதிக தூரம் போகிற நாளில் பின் டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறேன், ஏற்றுவதற்கு முன் மறுபடி 65. டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். 106 என்ற எண்ணுக்கு உரிய 950 கிலோவும் பக்கச் சுவரில் எழுதிய முழு அழுத்தத்தில்தான் கிடைக்கும். காற்று குறைந்தால் அதுவும் குறையும். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது, அது பரவாயில்லை.

வண்டியைப் பார்த்த ஷீட் வியாபாரி ஒருவர், "இனி ரெண்டு டன் ஏத்தலாமே தம்பி" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். டயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. அச்சு, ஸ்பிரிங் பட்டை, பிரேக், சேசிஸ் எல்லாம் ஒன்றேகால் டன்னுக்குச் செய்ததுதான். அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஒரு பக்கம் இருக்கட்டும். திருவட்டாறு இறக்கத்தில் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துபோகும்போது பிரேக் பிடிக்க வேண்டியது நான். அவர் அடுத்த லோடை வேறு வண்டியில் அனுப்பினார், அதற்கடுத்ததை எங்களிடமே இரண்டு நடையாகப் பிரித்துக் கொடுத்தார்.