ஆர்சி காரின் திருகுகளில் திரெட்லாக்கர்: செய்து பார்த்த அனுபவம்

பிரஷ்லெஸ் மோட்டார் பொருத்திய என் ஆர்சி பக்கியை (ரிமோட்டில் ஓடும் சிறு பொம்மைக் காரை) முழுவதும் கழற்றிப் பூட்டும் வேலையில், இம்முறை என் கவனம் முழுக்கத் திருகுகள் மீதே இருந்தது. ஓட்டம் முடிந்து பார்க்கும்போதெல்லாம் மோட்டாரைத் தாங்கும் மவுண்டின் திருகுகளோ, மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனைப் பிடிக்கும் கிரப் ஸ்குரூவோ (தலையில்லாத சிறு திருகு) தளர்ந்திருந்தன. மவுண்ட் சற்றே நகர்ந்தாலும் பினியனுக்கும் அதனோடு இணையும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் உள்ள இடைவெளி மாறி, பிளாஸ்டிக் ஸ்பர் கியரின் பற்கள் சில நொடிகளில் மழுங்கிவிடும். இன்னும் இறுக்கினால் தீரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 3 மி.மீ. திருகை அலுமினியத்தில் அளவு மீறி இறுக்கினால் மரைதான் போகும். குறுக்குவாட்டில் வரும் அதிர்வு மரைகளுக்கு இடையே உள்ள பிடிமானத்தைச் சிறிது சிறிதாகக் குலைப்பதால், நன்றாக இறுக்கிய திருகும் கழலத்தான் செய்யும்.

அதனால் இம்முறை திரெட்லாக்கரை, அதாவது திருகு கழலாமல் இருக்க மரையில் இடும் பசையை, நாடினேன். அது மற்ற பசைகளைப் போலக் காற்றில் உலர்வதில்லை. காற்று இல்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டிருக்கும்போதுதான் அது இறுகுகிறது. மரைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி அதற்கு ஏற்ற இடம். குப்பியில் அது நீர்மமாகவே இருப்பதற்கும் உள்ளே இருக்கும் காற்றுதான் காரணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு, எவ்வளவு பசை என்பதைவிட மரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதே முக்கியம் என்று எனக்குத் தெளிவாயிற்று. ஆகவே ஒவ்வொரு திருகையும் அது பூட்டும் துளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, கிரீஸ் முழுவதும் போன பின்னர், நன்றாகக் காயவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்டது நடுத்தர வலிமையுள்ள நீல வகை. லாக்டைட் என்ற பிராண்டின் 242, 243 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சாதாரண ஆலன் சாவியாலேயே (அறுகோணச் சாவி) கழற்றிவிடலாம். சிவப்பு வகையைக் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவைப்படும் என்பதால், பிளாஸ்டிக் பாகங்களுக்கு அருகே அதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மிகச் சிறிய திருகுகளுக்கு ஊதா நிற 222 இன்னும் பொருத்தமானது; 1.5 மி.மீ. ஆலன் சாவி பிடிக்கும் கிரப் ஸ்குரூவின் குழி எளிதில் வழுவழுப்பாகிவிடுமாதலால், அதைக் குறைந்த விசையில் கழற்ற முடிவது பெரிய நன்மை.

பினியனில் வேலை செய்யும்போது கிரப் ஸ்குரூ மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, அதன் முனையில் ஊசியால் ஒரு சிறு துளி மட்டும் வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் பசை தண்டின் வழியாக வழிந்து மோட்டாரின் பேரிங்குக்குள் போய்விடக்கூடும்.

நைலான் சஸ்பென்ஷன் கைகளில் நேரடியாக ஏறும் திருகுகளுக்கு நான் பசை இடவில்லை. பிளாஸ்டிக் தானே மரையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு, இந்த வகைப் பசை பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் விரிசலை உண்டாக்கும் என்பதால், காரின் மேல்கூடான பாடியின் பக்கம் துளிகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். நைலான் வளையம் உள்ள சக்கர நட்டுகளுக்கும் இது தேவையில்லை.

பூட்டிய உடனே ஓட்டாமல் ஒரு முழு நாள் விட்டுவைத்தேன். அரை மணிக்குள் திருகு கையில் ஆடாத அளவுக்குப் பிடித்துவிட்டாலும், முழு வலிமைக்கு 24 மணி நேரம் ஆகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளில் பசை இன்னும் மெதுவாகவே இறுகும் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தேன்.

கரடுமுரடான நிலத்தில் பலமுறை ஓட்டிய பிறகு மவுண்டைக் கழற்றிப் பார்த்தேன். திருகுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. தொடக்கத்தில் ஒரு சிறு ‘டக்’ என்ற சத்தத்துடன் விட்டுக்கொடுத்து, பிறகு சீராகச் சுழன்று வந்தன. கிரப் ஸ்குரூ மட்டும் அடம்பிடித்தபோது, சால்டரிங் அயர்னின் முனையைச் சிறிது நேரம் அதன் மேல் வைத்துச் சூடாக்கியதும் எளிதாக வந்துவிட்டது. மரைகளில் ஒட்டியிருந்த பழைய பசைத்தூளைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுத் துளி வைத்துப் பூட்டியிருக்கிறேன்.