அவர்கள் விசுவாசத்தைக் கண்டு

தேவனுடைய பிரசன்னத்தைப் பற்றி நம் சபைகளில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் தனிமையில் கிடைத்த அனுபவத்தையே சொல்கிறார்கள். அதிகாலை ஜெபத்தில் இறங்கிய சமாதானத்தையோ, பாடல் வேளையில் காரணமின்றிப் பெருகிய கண்ணீரையோ நான் மறுக்கவில்லை. எனக்கும் அவை அருளப்பட்டதுண்டு. ஆனால் அவர் என்னோடிருக்கிறார் என்று நான் உறுதியாய் அறிந்துகொண்டது, அப்படிப்பட்ட உணர்வு எதுவுமே இல்லாதிருந்த ஒரு காலத்தில், சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையார் வழியாகத்தான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் அசன விருந்தன்று ஊரே ஒரே பந்தியில் அமரும். நான் யார் வீட்டுப் பெண் என்று எவருக்கும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. திருமணமாகி ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது, அண்டை வீட்டார் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆயினும் கணவர் இரவுப் பணிக்குச் சென்ற பிறகு தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத மாலைகள் நீண்டன. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் பொதுப்பாவ அறிக்கையைச் சபையாரோடு சேர்ந்து சொல்லும்போது மட்டுமே என் குரல் எனக்கே கேட்டது.

இந்தத் தீவில் அப்படி வந்து சேர்ந்தவர்களில் நான் முதல் ஆளல்ல. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயம் 1888-ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது. 1885-இல் இங்கே மெத்தடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். அவற்றுக்கும் முன்னே, 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்ட கைதிகள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த மெட்ராஸ் சுண்ணச்சாந்தை அதன் சுவர்களில் பூசிய கைகள் அவர்களுடையவை. நகர மண்டப ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து அந்த வெண்சுவரைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களில் எத்தனை பேரை அதனுள்ளே ஒருவர் பெயர் சொல்லி அழைத்திருப்பார் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கிருமித்தொற்றை முறியடிப்பதற்காக ஆலயங்கள் உட்படப் பெரும்பாலான இடங்கள் மூடிக்கிடந்த நாட்களில், ஊரில் என் அப்பா இறந்தார். விமானங்கள் இல்லை. அடக்க ஆராதனையைக் கைப்பேசித் திரையில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஐயர் ஜெபித்த பாதியில் இணைப்பு அறுந்துபோயிற்று. “சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்” என்ற 139-ஆம் சங்கீத வசனங்களைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். கடலுக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு அவற்றைச் சொல்லிப் பார்த்தபோது வார்த்தைகள் மட்டுமே மிஞ்சின. ஜெபிக்க முழங்காலிட்டால் எதுவும் வரவில்லை.

அன்றிரவு எங்கள் சபையின் மூத்த அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆறுதல் சொல்ல அவர் முயலவில்லை. “நீ ஜெபிக்க வேண்டாம்மா, நாங்க ஜெபிக்கிறோம், நீ கேட்டுக்கிட்டிரு” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்குச் சபையாரில் யாரேனும் ஒருவர் அழைத்தார்கள். பல வாரங்கள் நான் ஆமென் மட்டுமே சொன்னேன். கதவுக் கம்பியில் சோறும் ரசமும் தொங்கவிட்டுப் போனவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நகூமிலே திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்து வந்து, ஜனக்கூட்டத்தினிமித்தம் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அங்கே, இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்பதைப் பற்றி அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. ‘நம்மைத் தூக்கிப்போக நாலு பேர் வேண்டும்’ என்று நாம் சாவை நினைத்துச் சொல்வது வழக்கம். இங்கேயோ அந்த நாலு பேர் உயிரோடிருப்பவனைச் சுமக்கிறார்கள். என் விசுவாசம் படுத்துக்கிடந்த அந்த வாரங்களில் கர்த்தர் என்னைவிட்டு விலகவில்லை, கூரையைப் பிரித்தவர்களின் கைகளில் அவரே இருந்தார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆகவேதான் நம் தமிழ்ச் சபைகளில் காணும் ஒரு வழக்கம் என்னை வருத்துகிறது. ஆராதனை முடிந்ததும் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகப் பிரிந்து அமர்ந்து உண்கிறோம். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து தம் ஒரே விடுமுறை நாளில் இரண்டு பேருந்து மாறி வரும் ஊழியர், சுவரோரம் நின்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். ‘இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்’ என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதியதை அதே காலையில் வாசித்த நாமே அதற்கு இடம் தருகிறோம். கடந்த ஆண்டு முதல் நானும் வேறு இரண்டு சகோதரிகளும் பின்வரிசையில் அமர்கிறோம். புதிதாக வருபவர் பெயரையும் ஊரையும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு, சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போகிறோம். புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவரின் தாயார் இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். இந்த வாரம் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தம்பியை அழைப்பது எங்கள் முறை.