அவள் பெயரில் இருந்த ஒரே பணம்

பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் பல வருடம் வேலை பார்த்தேன். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரும். மிஷினில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மண்டியா, ராமநகரா பக்கத்துக் கன்னடப் பெண்கள், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வந்த நம் பெண்கள், உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே லைனில் இருப்பார்கள். ஒருத்தி காலர் தைத்துத் தள்ளினால் அடுத்தவள் கஃப் வைப்பாள்.

அங்கே நான் அதிகம் நிரப்பிக் கொடுத்தவை படிவம் 19, படிவம் 10சி. முன்னது பிஎஃப் கணக்கை முடிக்க, பின்னது பென்ஷன் பணத்தை எடுக்க. அப்போது வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்துப் போட்டால் பணம் வங்கிக்கு வந்துவிடும். “கணக்கு முடிக்கணும்க்கா” என்று வந்து நிற்பார்கள். மகளுக்கு காலேஜ் ஃபீஸ், அடகில் இருக்கும் நகை, குழுக் கடன், வீட்டு அட்வான்ஸ் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். ஐந்து வருடம் முடியாமல் விட்டால் கிராஜுவிட்டி கிடைக்காதே என்று எடுத்துச் சொல்வேன். அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் பணம் இப்போது வேண்டும்.

சம்பளம் ஏறிய அன்றே கணவனுக்கோ கடன்காரருக்கோ போய்விடும். பிஎஃப் அப்படியில்லை, அது அவள் பெயரில் யாரும் தொடாமல் சேர்ந்துகொண்டிருக்கும். பிஎஃப் சீட்டை வீட்டுக்கே கொண்டுபோகாத ஒரு அக்கா இருந்தார். “வீட்ல பார்த்தா எவ்வளவு இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிடும், இங்கயே இருக்கட்டும்” என்று எங்கள் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். குடும்பத்துக்குள் தனக்கென்று ஒரு பிடிமானம் வேண்டும் என்பதை அவரைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2016 பிப்ரவரி 10 அன்று மத்திய பாஜக அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. இனி வேலையை விட்டாலும் தொழிலாளி தன் பங்கையும் அதற்கான வட்டியையும் மட்டும்தான் எடுக்கலாம், முதலாளியின் பங்கு 58 வயது வரை கணக்கிலேயே இருக்கும் என்றது அது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போக, பிஎஃபில் சேர்வது 3.67. மாதம் 7,500 ரூபாய் வாங்குகிறவளுக்கு இது 275 ரூபாய். எட்டு வருடம் தைத்திருந்தால் வட்டி இல்லாமலே 26,000 ரூபாய்க்கு மேல். டெல்லியில் அது சின்னத் தொகையாகத் தெரிந்திருக்கும். இங்கே அது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல்.

அப்புறம் அந்த 58. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்து ஓட்டுகிற லைனில் நாற்பதைத் தாண்டினாலே கண்ணும் இடுப்பும் ஒத்துழைக்காது. பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து வியாதியை வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 58 வயதுவரை தைத்த ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பேப்பரில் வந்த செய்தியைக் காட்டி, “இது நிஜமா?” என்று கேட்டார்கள். நிஜம்தான் என்றேன். சூப்பர்வைசர் லைனுக்குப் போகச் சொன்னார், அவர்கள் கேட்டுக்குப் போனார்கள். பொம்மனஹள்ளியில் ஏற்கனவே ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் பீன்யா, மைசூர் ரோடு என்று பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகை வந்தது, பஸ்கள் எரிந்தன. எங்கள் பெண்கள் சிலர் தோளிலும் முதுகிலும் தடிப்போடு வேலைக்குத் திரும்பினார்கள். அடித்தது காங்கிரஸ் ஆண்ட மாநிலத்தின் போலீஸ் என்பதையும் சொல்ல வேண்டும். 19ஆம் தேதியே, முதலில் ஜூலை வரை தள்ளிவைக்கிறோம் என்ற மத்திய அரசு, மாலைக்குள் அறிவிக்கையையே ரத்து செய்வதாக அறிவித்தது. தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயாவே அதைச் சொன்னார்.

தலைமை இல்லாத கூட்டம் என்று அப்போது பலர் எழுதினார்கள். அந்த நாளில் தலைமை இல்லைதான். ஆனால் கார்மென்ட் லேபர் யூனியன், முன்னடே போன்ற அமைப்புகளின் பெண்கள் அதற்கு முன் பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாக ஏறி இறங்கி, சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சங்கத்தில் சேராதவர்களுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. இல்லாவிட்டால் 3.67 சதவீதம் என்ற ஒரு எண்ணுக்காக யார் ரோட்டுக்கு வருவார்கள்?

அந்த விதிக்கு அரசு சொன்ன காரணம் தொழிலாளியின் எதிர்காலப் பாதுகாப்பு. இவளுக்குப் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள். இதே குரலை 2022இல் மறுபடி கேட்டேன். அந்த பிப்ரவரியில் கர்நாடக பாஜக அரசு போட்ட சீருடை உத்தரவால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்றது. அந்தப் பெண்களை அடக்குமுறையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றார்கள். எங்கள் செக்கிங் டேபிளில் இருந்த ஒரு அக்காவின் மகள் அந்த வருடம் பியுசி (நம் பிளஸ் டூ மாதிரி) படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மிஷின் வைத்துத் தைத்த கையால் படிக்கவைத்த பெண். அவளைப் படிப்பிலிருந்து வெளியே நிறுத்துவது எந்த விதமான காப்பாற்றல்?

2016இல் சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தவர்கள் 2022இல் எல்லோரும் சேர்ந்து நின்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களை லைனிலேயே சுற்றவிட்ட பெண்கள் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் இடம் மாறி உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த அக்கா லீவு போட்டு மகளோடு கல்லூரிக்குப் போன நாளில், பக்கத்து டேபிளில் இருந்த மண்டியாப் பெண் இவர் வேலையையும் சேர்த்துப் பார்த்து டார்கெட்டை முடித்துக் கொடுத்தார். ஒன்றாக வேலை செய்வதால் மட்டும் வெறுப்பு போய்விடாது, அதற்கும் யாராவது ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் போய்ப் பேசியாக வேண்டும். பிஎஃபுக்கு அந்த வேலையைச் செய்த அளவுக்கு இதற்கு நாம் செய்யவில்லை.

2023 பிப்ரவரியில் அதே கர்நாடக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைக்கும் பெண்களின் இரவு ஷிஃப்டுக்கும் வழி செய்தது. ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் 12 மணி நேர மசோதா நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்திருக்கின்றன. பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை தரலாம் என்கிறது அதில் ஒன்று. சம்மதம் எப்படி வாங்குவார்கள் என்பது டைம் ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெயர்கள் அடித்த தாள் லைனுக்குப் போகும், மிஷினை நிறுத்தாமலே கையெழுத்து விழும், பத்து நிமிடத்தில் தாள் திரும்பிவரும்.

பிஎஃபும் திரும்பி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 13 அன்று பிஎஃப் அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலையை விட்டதும் முதலாளி பங்கு உட்பட 75 சதவீதத்தை எடுக்கலாம். அது நல்லதுதான். மீதி 25 சதவீதத்துக்கு இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் பணத்துக்குக் காத்திருப்பது 36 மாதம். மூன்று வருடம் கழித்து அவள் எந்த ஊரில், எந்த போன் நம்பரோடு இருப்பாள்? மகளிர் தினக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிற தோழிகளிடம் நான் கேட்பது, இரவு ஷிஃப்ட் சம்மதத் தாள், பிஎஃப் படிவம் ஆகிய இந்த இரண்டு தாள்களையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லித்தான். இரவு ஷிஃப்ட் சம்மதத்தை சூப்பர்வைசர் முன்னால் வாங்கக் கூடாது என்று கேட்போம். வேண்டாம் என்றவளுடைய பகல் ஷிஃப்ட் போகாது என்பதை எழுத்தில் தரச் சொல்வோம். 36 மாதத்தை மறுபடி இரண்டு மாதமாக்கச் சொல்வோம்.