பிரஷர் எவ்வளவு?

முதுநிலை அறுவை சிகிச்சை படித்தபோது, ஒரு நள்ளிரவில் யூனிட் தலைவரை போனில் எழுப்பி, "சார், பைக் விபத்து, கல்லீரல் கிழிசல், கிரேடு 4" என்றேன். ஸ்கேனை நானே பார்த்துக் கிரேடு போட்ட பெருமை குரலில் இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: "பிரஷர் எவ்வளவு?"

மானிட்டர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்த்துத்தான் சொன்னேன்: 118/76.

"அப்ப கத்தியைத் தொடாதே. ஐசியூவில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்."

கல்லீரல் காயம் எவ்வளவு கடுமை என்று கிரேடு போட அப்போது எங்களிடம் இருந்தது 1994 அளவுகோல்; எண் கூடக் கூடக் காயம் மோசம். கிழிசல் ஆழம் 1 செ.மீ.க்குள் என்றால் கிரேடு 1, 3 செ.மீ. தாண்டினால் 3, கல்லீரலின் ஒரு மடலில் (பெரும்பகுதியில்) 25 முதல் 75 சதவீதம் சிதைந்தால் 4. ஸ்கேனில் தெரியும் ரத்தக்கசிவை 2018 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். எதுவானாலும் கிரேடு கல்லீரலைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றிச் சொல்லாது.

6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்தோம். 11 இருந்தது 9.2 ஆனபோது எனக்குக் கை பரபரத்தது. சார் மறுபடியும் அதையேதான் கேட்டார். சரி, பிரஷர் அசையவில்லை. காத்திருந்தோம்.

அதே மாதம் இன்னொருவர் வந்தார். ரத்தம் ஏற்ற ஏற்ற பிரஷர் 80ஐத் தாண்டவில்லை. படுக்கையருகே எடுத்த அல்ட்ராசவுண்டில் வயிறு நிறைய ரத்தம். சிடி ஸ்கேனுக்கு அனுப்ப நேரமில்லை, நேராகத் தியேட்டர். வயிற்றைத் திறந்ததும் நான் ஊசி நூலைக் கேட்டேன். "தைக்காதே, அமுக்கு" என்று சார் இரு உள்ளங்கைகளாலும் கல்லீரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கல்லீரலுக்குள் போகும் ரத்தக் குழாய்களை என் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நெரித்துப் பிடிக்கச் சொன்னார். கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் 1908இல் எழுதிய அதே முறை. ரத்தம் மட்டுப்பட்டது. மட்டுப்படாவிட்டால் கல்லீரலுக்குப் பின்னாலுள்ள சிரைகள் கிழிந்திருக்கலாம். அது வேறு கதை.

அப்புறம் கல்லீரலுக்கு மேலும் கீழும் மாப் (ரத்தம் உறிஞ்சும் துணி) வைத்து அழுத்தினோம். கிழிசலுக்குள்ளே திணிக்கக்கூடாது, திணித்தால் பிளவு இன்னும் விரியும். உடல் வெப்பம் 34 டிகிரிக்கு இறங்கியிருந்தது, அந்தக் குளிரில் ரத்தம் ஒழுங்காக உறையாது. தற்காலிகமாக மூடிவிட்டு, கட்டின் மேல் பேனாவால் 'மாப் 6' என்று எழுதினேன்.

48 மணி நேரம் கழித்து ஆறையும் எண்ணி எடுத்தோம். ரத்தம் நின்றிருந்தது. குறிப்பில் கிரேடு 3 என்று எழுதினேன். கிரேடு 4 அதற்குள் தையல்கூட இல்லாமல் நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார்.