பாயில் விதிக் கணக்கில் விட்டுப்போகும் கூட்டல்

வெப்பநிலை மாறாமல் இருந்தால், வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் எண்ணும் மாறாது. பாயில் விதியை இப்படி ஒரே வரியில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நீட் தேர்வுக்குப் படித்தபோது எனக்கு அது மனதில் பதிந்தது, ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்த பிறகுதான்.

‘ஜே’ வடிவக் கண்ணாடிக் குழாய். குட்டைப் பக்கம் மூடியிருக்கும், அதற்குள் காற்று. நீளமான பக்கத்தில் பாதரசம் ஊற்ற ஊற்ற அந்தக் காற்று சுருங்கும். தொடக்கத்தில், இரு பக்கப் பாதரசமும் ஒரே மட்டத்தில் இருந்தபோது, காற்றின் நீளம் 48 பிரிவு. அது 24-க்கு வந்தபோது, இரு பக்கப் பாதரச மட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 29.7 அங்குலம். அதோடு வெளிக்காற்றின் அழுத்தமான 29.1-ஐயும் கூட்டி, 58.8 என்று பாயில் எழுதினார். பெருக்கிப் பாருங்கள்: 48 × 29.1 = 1397, 24 × 58.8 = 1411. கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிக்காற்றைக் கூட்டாவிட்டால் தொடக்க அழுத்தமே பூஜ்யம்; விதியே கிடைத்திருக்காது!

தேர்வில் மார்க் போவதும் இந்தக் கூட்டலில்தான். ஏரியில் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு காற்றுக்குமிழி 10 மீட்டருக்கு ஏறி வருகிறது என்று கேட்பார்கள். ஆழம் பாதி, அதனால் பருமன் இரட்டிப்பு என்று கை தானாக எழுதும். பொறுங்கள். 10 மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். ஏரிக்கு மேலே உள்ள காற்றுக்கு இன்னொன்று. ஆக, அழுத்தம் 3-இலிருந்து 2 ஆகிறது. பருமன் ஒன்றரை மடங்குதான். அங்கிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போதுதான் இரட்டிப்பு. டயர் கணக்கும் இப்படித்தான்: கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே.

அலகு மாற்றுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அலகு இருந்தால் போதும்.

அப்புறம் வரைபடம். முதலில் அச்சுகளைப் படியுங்கள். அழுத்தத்துக்கு எதிரே பருமன் என்றால் வளைகோடு. பருமனின் தலைகீழி (1/பருமன்) என்றால் ஆதிப்புள்ளி வழியே நேர்கோடு. கிடை அச்சில் பருமன் வைத்து இரண்டு வளைகோடுகள் கொடுத்து, எதற்கு வெப்பநிலை அதிகம் என்று கேட்டால், பென்சிலால் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். ஒரே அளவு வாயு, ஒரே பருமன். எதில் அழுத்தம் அதிகமோ அதற்குத்தான் வெப்பநிலையும் அதிகம்.