ரியூனியனிலிருந்து லூவ்ருக்கு: அட்டையும் கிழமையும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பாரிஸ் போனால், பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவும் உடன் இருப்பார்கள். லூவ்ர் அருங்காட்சியக டிக்கெட்டில் கணக்கு பிசகுவது அங்கேதான். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைனும்) குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் 22 யூரோ, மற்றவர்களுக்கு 32. ரியூனியன் பிரான்ஸின் மாவட்டம் என்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே வசிப்பவருக்கும் 22தான். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு 32. பதினெட்டுக்குக் கீழே எல்லோருக்கும் இலவசம். 18 முதல் 25 வரை இங்கே வசிக்கும் பிள்ளைகளுக்கும் இலவசம். வதிவிட அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாசலில் வாதாடிப் பயனில்லை. இலவசம் என்றாலும் இணையத்தில் நேரம் பதிந்துகொள்ளுங்கள்.

நம் தீவுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஜனவரியிலும் தொடர்கிறது. அப்போது அங்கே பள்ளி திறந்திருக்கும், கூட்டமும் குறையும். பதினோரு மணி நேரம் பறந்து காலையில் இறங்கியவர்கள் பெட்டியோடு நேரே போக வேண்டாம்: 55×35×20 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டிக்கு அனுமதி இல்லை. கனத்த குளிர்கோட்டுகளை வாசலின் கண்ணாடிப் பிரமிடுக்கு அடியிலுள்ள இலவச லாக்கரில் வைக்கலாம்.

எல்லோரும் முதலில் ஓடுவது தெனோன் பகுதியிலுள்ள மோனாலிசாவிடம். 77×53 செ.மீ. பலகை, கண்ணாடிக்குப் பின்னால், முன்னே கைபேசிகளின் காடு. பார்த்ததும் திரும்பி நில்லுங்கள்: எதிர்ச் சுவரில் ஓவியர் வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கலியாணம், அகலம் கிட்டத்தட்ட 10 மீட்டர். பந்தி, வாத்தியம், நாய்கள் எல்லாம் உண்டு. நிற்கத் தகுந்த படம் அதுதான்.

குழந்தைகளோடு போனால் சுல்லி பகுதியின் அடித்தளத்தில் தொடங்குவது நல்லது. அரண்மனையாவதற்கு முன்பிருந்த கோட்டையின் அகழிச் சுவரை ஒட்டியே நடக்கலாம். பிறகு ரிஷ்லியூ பகுதியில் பழைய அசீரிய நகரமான கோர்சபாத்தின் சிறகுள்ள காளைச் சிலைகள். நேரே நின்றால் இரண்டு கால், பக்கவாட்டில் நான்கு. மூலைக்கு நகர்ந்தால் ஐந்து!

சோழர் செப்புத்திருமேனியை லூவ்ரில் தேட வேண்டாம். 1945இல் அதன் ஆசியச் சேகரிப்பு கிமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நடராசர் அங்கேதான், ஒன்பதாம் எண் மெத்ரோவில் இயேனா நிலையம். செவ்வாயன்று லூவ்ர் மூடியிருக்கிறதே என்று கிமேக்குப் போனால் அதுவும் மூடியிருக்கும். அன்றைக்கு ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதற்கு விடுமுறை திங்கள்.