மாநகராட்சி நிதிக் குழுவில் ஒரு கவுன்சிலருக்குத் துணை நின்ற அனுபவம்

எங்கள் வார்டு கவுன்சிலர் மாநகராட்சியின் வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவில் உறுப்பினர். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறவன், கட்சிக்காரன் இல்லை, மாநகராட்சியில் எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. 2022 பிப்ரவரி தேர்தலில் பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் எங்கள் வார்டும் வந்தது. ஜெயித்தவர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த பெண். மார்ச் கடைசியில் நிலைக்குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள், அவர் பெயர் நிதிக் குழுவில் வந்தது. "அண்ணே, எனக்குத் தையக்கூலி கணக்குதான் தெரியும், இதை நீங்க உக்காந்து சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். எனக்கும் அரசாங்கக் கணக்கு புதிது. இருவரும் சேர்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், டெல்டாவில் வேறு ஊரில் யாராவது இதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு உதவும். குறைகளையும் சொல்லப்போவதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

முதலில் குழுவின் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பட்ஜெட்டைத் தயாரிப்பது ஆணையரும் கணக்குப் பிரிவும். அது நிதிக் குழு வழியாக, எல்லாக் கவுன்சிலர்களும் உட்காரும் மாமன்றத்துக்குப் போகிறது, நிறைவேற்றுவது மாமன்றம். தணிக்கை அறிக்கையைப் பார்க்கக் கணக்குக் குழு என்று தனியாக ஒன்று உண்டு. சாலைக்குப் பணிகள் குழு. அப்படியானால் நிதிக் குழுவுக்கு என்ன வேலை என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இல்லை. ஒரு வருடம் போன பிறகுதான் விளங்கியது: பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் இடம் அது. பட்ஜெட் நாளன்று மட்டும் பேசுகிற குழு அந்த வேலையைச் செய்ய முடியாது.

பட்ஜெட் புத்தகம் கைக்கு வந்ததும் எல்லோரும் உபரியா பற்றாக்குறையா என்றுதான் பார்க்கிறார்கள், பத்திரிகையிலும் அதுதான் தலைப்பாக வருகிறது. நாங்கள் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: போன வருட மதிப்பீடு, வருட நடுவில் அதைத் திருத்திய மதிப்பீடு, முடிந்த வருடத்தின் கணக்கு. மதிப்பீட்டில் பெரிய தொகை, திருத்தியதில் பாதி, கணக்கில் அதற்கும் கீழே என்றால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம், ஆனால் புது வருட மதிப்பீட்டில் அதே பெரிய தொகை மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட வரிகளுக்கெல்லாம் பென்சிலில் கோடு போட்டோம். உபரி காட்டுகிற பட்ஜெட்டில் இப்படிக் கோடு போட்ட வரிகள்தான் அதிகம் இருந்தன.

அடுத்தது நிதிகள். தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. நாம் கட்டும் சொத்து வரி இந்த மூன்றுக்கும் பிரிகிறது. பொது நிதியில், அதாவது முதலில் சொன்ன வருவாய் மற்றும் மூலதன நிதியில், தட்டுப்பாடு வந்தால் மற்ற நிதியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அது பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் மளிகை வாங்குவதைப் போன்றது, திருப்பி வைக்கவில்லையென்றால் அடுத்த வருடம்தான் தெரியும். ஒரு நிதி இன்னொரு நிதிக்குத் தர வேண்டியது எவ்வளவு என்று இருப்புநிலைக் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நூலக வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி வசூலிக்கிறார்கள், அது மாநகராட்சியின் பணமே இல்லை, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. வசூலித்தது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்ற ஒரே கேள்விக்குக் கணக்குப் பிரிவில் ரொம்ப நேரம் பேப்பர் தேடினார்கள். எங்கள் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வராததைப் பற்றி ஊரே பேசுகிறது, வரி கட்டியவர்கள் அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

இப்போது வாய்க்கால் விஷயத்துக்கு வருகிறேன். எங்களை இந்த வேலையில் பிடித்து வைத்தது அதுதான். டெல்டா நகரங்களில் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் தெருக்களுக்கு நடுவே ஓடுகின்றன, பாதி சாக்கடையாகிவிட்டன. தூர்வாருவதென்றால் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் செய்ய வேண்டும், வழக்கமாக மேட்டூர் திறப்பது ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். எங்கள் மாநகராட்சியில் அந்த வருட பட்ஜெட்டில் தூர்வாரத் தொகை ஒதுக்கியிருந்தது, ஆனால் வேலைக்கான மதிப்பீடு மன்றத்துக்கு வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் டெண்டர், அப்புறம் வேலை உத்தரவு, ஆள் இறங்கும்போது ஐப்பசி மழை. வாரி எடுத்த சேறு கரையிலேயே கிடந்து மழையில் திரும்ப உள்ளே போனதைத் தெருவே பார்த்தது. பில் தொகை மட்டும் முறையாகக் கொடுத்தாகிவிட்டது.

பணம் இல்லாததால் வந்த வினை இல்லை இது. ஏப்ரலில் வருடம் தொடங்குகிறது, தண்ணீர் ஜூனில் வருகிறது, நடுவில் இருப்பது இரண்டு மாதம்தான், ஏப்ரலில் ஃபைல் எழுத ஆரம்பித்தால் எந்தக் காலத்திலும் முடியாது. இதை அவர் குழுவில் சொன்னார். செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தைத்தான் எம்-புக் என்பார்கள். "சார், எம்-புக்கில் அளவு எடுத்த தேதியைக் காட்டுங்கள், அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்டபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை என்று வந்து சொன்னார். பொறியாளர் ஒருவர் நியாயமாகவே பதில் சொன்னாராம்: மேடம், மதிப்பீட்டை ஜனவரியிலேயே போட்டு, பட்ஜெட்டோடு சேர்த்து அனுமதி வாங்கினால் ஏப்ரலில் ஆளை இறக்கலாம், ஆனால் ஜனவரியில் யாரும் எங்களைக் கேட்பதில்லை. அதையே தீர்மானமாக எழுதச் சொல்லிக் குழுவில் பதிவு செய்தார். 2023-இல் மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தபோது எங்கள் பக்கத்து வாய்க்கால்கள் பெரும்பாலும் சுத்தமாகியிருந்தன. ஒன்று மட்டும் மிச்சம், அது நீர்வளத் துறையுடையது என்று மாநகராட்சியும், நகர எல்லைக்குள் குப்பை உங்களுடையது என்று அவர்களும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மன்றக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அஜெண்டாவில் நிறையப் பொருள்கள் இருக்கும், பலவற்றில் மேயரின் முன்அனுமதி ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள், மன்றம் பின்னேற்பு, அதாவது பிறகு ஒப்புதல், கொடுத்தால் போதும். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து "ஆல் பாஸ்" என்று குரல் வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். அதனால் கேட்க வேண்டியதை அதற்கு முன்பே குழுவில், எழுத்தில் கேட்டுவிட வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

வரவுப் பக்கத்தில் பார்க்க வேண்டிய தாள் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல்: வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். 2022-இல் சொத்து வரி உயர்ந்தது, வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. சின்ன வீட்டுக்காரர்கள் முதல் மாதத்திலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையும் வாங்கிக்கொள்கிறார்கள். நிலுவை எங்கே நிற்கிறது என்று தெருவாரியாகப் பிரித்துக் கேட்டோம். பெரிய வணிகக் கட்டடங்கள், வழக்கில் இருப்பவை, பேருந்து நிலையக் கடை வாடகை, இந்த மூன்றில்தான் பெரும்பகுதி நின்றது. வரியை உயர்த்துவதைப் பற்றிக் குழுவில் பேச்சு வரும்போதெல்லாம் இந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுகிறார் அவர். என்னைக் கேட்டால் அது மிகச் சரியான காரியம்.

தணிக்கை அறிக்கை வாங்கியதுதான் கொஞ்சம் கஷ்டம். அவர் கணக்குக் குழுவில் இல்லை, கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். சரி என்று நான் ஒரு குடிமகனாக, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன், உள்ளாட்சி நிதித் தணிக்கையின் அறிக்கை நகல், தணிக்கைத் தடைகளுக்கு (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபனைகளுக்கு) அளித்த பதில்கள், இரண்டையும் கேட்டு. பொதுவாக "எல்லா ஆவணங்களும்" என்று எழுதாதீர்கள், வருடமும் அறிக்கையின் பெயரும் குறிப்பிட்டால் தட்டிக்கழிப்பது கடினம். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கினேன். பேருந்து நிலையக் கடை வாடகை நிலுவை பற்றிய பத்தி வருடா வருடம் அதே வாசகத்தில் திரும்ப வந்திருந்தது, பதிலும் அதே "நடவடிக்கை எடுக்கப்படும்". அந்தப் பக்கங்களை வரிசையாக அடுக்கி அவரிடம் கொடுத்தேன், அவர் கணக்குக் குழுவில் இருக்கும் இன்னொரு கவுன்சிலரிடம் ஒரு நகல் கொடுத்தார், அவர் வேறு கட்சி, ஆனாலும் இந்த விஷயத்தில் இருவரும் சேர்ந்தே பேசினார்கள்.

கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. சிலர் கட்டினார்கள், சிலர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். வழக்குகளின் நிலையை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் பட்டியலாக வைக்க வேண்டும் என்று கேட்டு அதையும் பதிவு செய்துவிட்டார். போன கூட்டத்தில் வந்த பட்டியலில் அடுத்த வாய்தா தேதிக்கான கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது, அதை நிரப்பித் தரச் சொல்லி எழுத்தில் கொடுத்திருக்கிறார்.